ஒஸ்லோ ஃபியோர்டில் ஒருநாள் படகு: பகிர்வு வாடகை பற்றி நம்மவர் அறிய வேண்டியவை

யூன் மாதம் பிறந்து பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதும் ஒஸ்லோவில் உள்ள நம்மவர் வீடுகள் பலவற்றில் ஒரே பேச்சு எழுகிறது. "அப்பா, சனிக்கிழமை ஒரு படகு எடுப்பமா? அப்பிலே பார்த்தனான், ஒருநாளுக்கு மட்டும் தருவினம்" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். "படகும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். பேசாமல் இருங்கோ" என்று அம்மா சொல்கிறார்.

பிள்ளைகளுக்குப் படகு என்றால் கோடை விடுமுறை, குளிப்பு, கிறில் அடுப்பு. பெற்றோர் பலருக்கு அது வேறு. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிளாலிக் கடல்நீரேரியை இரவில், விளக்கில்லாமல், வள்ளத்தில் கடந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நீந்தத் தெரியாமலே அந்தப் பயணத்தைச் செய்தவர்கள் அவர்கள். பிள்ளைகளோ நோர்வேப் பள்ளிக்கூடத்தில் நீந்தக் கற்றவர்கள்.

இந்த இரண்டு தலைமுறையும் ஒரே படகில் ஏறுவதற்கு முன்னர் தெரிந்திருக்க வேண்டிய விபரங்களை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது. தனியாள் ஒருவரின் படகை இன்னொரு தனியாள் இணையத்தளம் ஒன்றின் ஊடாக வாடகைக்கு எடுக்கும் முறை எப்படி இயங்குகிறது, சட்டம் என்ன சொல்கிறது, பணம் எங்கே போகிறது, பொறுப்பு யாருடையது என்பவை இதில் அடங்கும்.

பகிர்வுப் பொருளாதாரம் என்பது என்ன?

ஒருவரிடம் சும்மா கிடக்கும் பொருளை, அது தேவைப்படும் இன்னொருவர் பணம் கொடுத்துச் சிறிது காலம் பாவிப்பதே இதன் அடிப்படை. இருவரையும் இணைத்துவைக்கும் நிறுவனத்திடம் அந்தப் பொருள் இருப்பதில்லை. அது இணையத்தளத்தை நடத்தி, பணத்தை இடையில் வைத்திருந்து, ஒவ்வொரு வாடகையிலும் ஒரு தரகை எடுத்துக்கொள்கிறது. 2008இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஏயர்பிஎன்பி வீட்டு அறைகளுக்குச் செய்ததை மற்றவர்கள் கார்களுக்கும் படகுகளுக்கும் செய்தார்கள்.

படகுகளில் இந்த முறை முதலில் வேரூன்றியது அமெரிக்காவிலும் பிரான்சிலும். மயாமியில் போட்செற்றர் 2012இலும், பரிஸில் கிளிக் அன்ட் போட் 2013இலும், போர்தோவில் சம்போட் 2014இலும் தொடங்கின. நோர்வேயில் இதே எண்ணத்தைப் பரவலாக்கியது கார்தான். 2015இல் ஒஸ்லோவில் தொடங்கிய நபோபீல், அயலவரின் காரை வாடகைக்கு எடுக்கும் பழக்கத்தை இங்கே சாதாரணமாக்கியது. 2019இல் அமெரிக்காவின் கெற்அரவுண்ட் நிறுவனம் அதை வாங்கியது.

காரைவிடப் படகுக்கு இந்த முறை இன்னும் பொருத்தமானது. 2018இல் நடந்த படகு வாழ்க்கை பற்றிய ஆய்வின்படி நோர்வேயில் ஏறத்தாழ 950,000 பொழுதுபோக்குப் படகுகள் உள்ளன. அப்போதைய சனத்தொகை 5.3 மில்லியன் அளவில். அதாவது ஆறு பேருக்கு ஒரு படகுக்கும் மேல். ஆனால் கோடையோ குறுகியது. மழைநாளையும் வேலைநாளையும் கழித்தால் பெரும்பாலான படகுகள் வருடத்தில் மிகச் சில நாட்களே ஓடுகின்றன. மற்ற நாட்களில் துறையில் கட்டிக் கிடக்கின்றன, அல்லது கரையில் மூடிக் கிடக்கின்றன. துறைக்கூலி, காப்புறுதி, பராமரிப்பு எல்லாம் ஓடாத நாளுக்கும் சேர்த்தே போகின்றன. அந்தச் செலவில் ஒரு பகுதியை மீட்க உரிமையாளர் விரும்புகிறார். ஒரு நாளுக்காகப் படகு வாங்க மற்றவர் விரும்புவதில்லை. இருவருக்கும் இலாபம் என்ற கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

ஒஸ்லோவில் உள்ள வழிகள்

தண்ணீரில் இறங்குவதற்கு வழி ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். செலவு குறைந்ததிலிருந்து கூடியது வரை பார்ப்போம்.

முதலாவது, பொதுப் போக்குவரத்துப் படகு. நகரசபைக் கட்டடத்துக்கு முன்னால் உள்ள துறையிலிருந்து ஹூவெத்ஓயா, லிண்ட்ஓயா, கிரெஸ்ஹொல்மன், லாங்ஓயென் முதலான தீவுகளுக்குப் படகுகள் போகின்றன. மாதாந்த ரூத்தர் பயணச்சீட்டு வைத்திருப்பவருக்கு மேலதிகச் செலவில்லை. கடல் என்றால் அஞ்சும் அம்மாவையும் அம்மம்மாவையும் முதன்முதலாகக் கூட்டிப்போக இதைவிட நல்ல வழி கிடையாது. ஹூவெத்ஓயாவில் 1147இல் நிறுவப்பட்ட துறவியர் மடத்தின் இடிபாடுகளையும் பார்க்கலாம்.

இரண்டாவது, 1933இல் தொடங்கப்பட்ட ஒஸ்லோ ஃபியோர்ட் வெளிப்புற வாழ்வு அமைப்பின் கரையோரக் குடில்கள். சிறு கட்டணத்தில் இரவு தங்கலாம். பல இடங்களில் துடுப்புப் படகும் கிடைக்கும். விளையாட்டு மற்றும் வெளிப்புறப் பொருட்களை இரவல் கொடுக்கும் பூவா நிலையங்களும் நாடெங்கும் உள்ளன. இவையும் பகிர்வுதான். ஆனால் இலாப நோக்கமற்ற பகிர்வு.

மூன்றாவது, நாம் பேசவந்த தனியாள் வாடகை.

நான்காவது, படகுக் கழகங்கள். ஹெல்சிங்கியில் தோன்றிய ஸ்கிப்பெரி போன்றவை பருவக் கட்டணம் வாங்கிக்கொண்டு, தம்மிடம் உள்ள படகுகளைச் செயலி வழியாக முன்பதிவு செய்ய விடுகின்றன. இங்கே எதிரில் நிற்பது தனியாள் அல்ல, நிறுவனம். இந்த வேறுபாடு முக்கியமானது. ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

ஐந்தாவது, சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு படகு வாங்குவது.

யார் ஓட்டலாம்?

இங்கேதான் நம் வீடுகளில் பெரும் குழப்பம். சட்டம் சொல்வது இதுதான்: 1980 சனவரி 1ஆம் திகதி அல்லது அதற்குப் பின்னர் பிறந்த ஒருவர், 8 மீற்றருக்கு மேல் நீளமான அல்லது 25 குதிரைவலுவுக்கு மேற்பட்ட இயந்திரம் பூட்டிய படகை ஓட்டுவதானால் படகோட்டுநர் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இந்த விதி 2010 மே 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கான பரீட்சையைத்தான் பிள்ளைகள் போத்ஃபோரர்ப்ரூவன் என்று சொல்கிறார்கள். அந்தச் சான்றிதழோடு 15 மீற்றர் வரையான பொழுதுபோக்குப் படகை ஓட்டலாம்.

8 மீற்றருக்கு மேற்பட்ட, அல்லது 10 குதிரைவலுவுக்கு மேற்பட்ட, அல்லது 10 நொட் வேகத்தைத் தாண்டக்கூடிய படகை ஓட்ட 16 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

இதனால் ஒரு விசித்திரம் நேர்கிறது. இங்கேயே பிறந்து, நீந்தத் தெரிந்து, நோர்வே மொழியில் கடல் வரைபடம் வாசிக்கத் தெரிந்த மகளுக்குச் சான்றிதழ் வேண்டும். 1970இல் பிறந்த தகப்பனுக்கு, அவர் ஒருநாளும் சுக்கானைத் தொடாதவராக இருந்தாலும், சட்டப்படி வேண்டாம். "அப்ப அப்பாவின்ரை பேரிலை எடுப்பம், ஓடுறது நாங்கள்" என்று சில வீடுகளில் முடிவாகிறது. இதைச் செய்யாதீர்கள். ஒப்பந்தத்தில் ஓட்டுநர் என்று யாருடைய பெயர் இருக்கிறதோ அவரே ஓட்ட வேண்டும் என்பது வாடகை ஒப்பந்தங்களின் வழக்கமான நிபந்தனை. விபத்து நடந்தால் முதல் கேள்வி சுக்கான் யாருடைய கையில் இருந்தது என்பதே. பதில் ஒப்பந்தத்தோடு பொருந்தாவிட்டால் காப்புறுதி கைவிரிக்கலாம். முழுச் செலவும் அப்பாவின் தலையில் விழும்.

சட்டம் கேட்கவில்லை என்றாலும் சான்றிதழைக் கேட்கும் உரிமை படகு உரிமையாளருக்கு உண்டு. பலர் கேட்கிறார்கள். ஆகவே வீட்டில் ஒருவராவது அந்தப் பரீட்சையை எழுதிவைப்பது நல்லது. குளிர்காலத்தில் படித்தால் கோடையில் கைகொடுக்கும். தகப்பனும் மகளும் சேர்ந்து படித்தால் இன்னும் நல்லது.

ஊரில் கடலோடியாக இருந்த பெரியவர்களுக்கும் ஒரு சொல். காற்றையும் நீரோட்டத்தையும் வாசிக்கும் உங்கள் கண் இங்கேயும் உதவும். ஆனால் மணற்கடல் வேறு, பாறைக்கடல் வேறு. ஒஸ்லோ ஃபியோர்டில் தண்ணீருக்கு ஒரு முழம் கீழே பாறை நிற்கும். கடலிலிருந்து துறைமுகம் நோக்கி வரும் திசையில் சிவப்புக் குறி இடப்பக்கமும் பச்சைக் குறி வலப்பக்கமும் இருக்க வேண்டும் என்பதைத் தெரியாமல் புறப்படக்கூடாது. கீல் நகருக்குப் போகும் பெரிய கப்பல்களுக்குச் சட்டென்று திரும்பவோ நிற்கவோ முடியாது. சிறு படகுதான் விலக வேண்டும்.

காப்புறுதி: கேட்கவேண்டிய முதல் கேள்வி

நோர்வேயில் காருக்குப் பொறுப்புக் காப்புறுதி கட்டாயம். பொழுதுபோக்குப் படகுக்கு அப்படியில்லை. காப்புறுதியே இல்லாத படகும் தண்ணீரில் ஓடலாம். காப்புறுதி இருந்தாலும், சாதாரணத் தனியார் படகுக் காப்புறுதி பணத்துக்கு வாடகைக்கு விட்ட நாளில் நடந்த சேதத்தை ஏற்காமல் போவது வழமை. அதனால்தான் நல்ல தளங்கள் வாடகை நாளுக்கென்று தனிக் காப்புறுதி ஒன்றைச் சேர்த்துத் தருகின்றன. தளத்துக்கு வெளியே நேரடியாகப் பேசிப் பணம் கட்டினால் அந்தக் காப்பு இல்லாமற் போகும். "தளத்தை விடுங்கோ, எனக்கு நேரே விப்ஸ் பண்ணுங்கோ, 300 குறோணர் குறைக்கிறன்" என்று யாராவது சொன்னால், அந்த 300 குறோணருக்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது முழுப் பாதுகாப்பையும்.

காப்புறுதி உண்டு என்றால் மூன்று விடயங்களை எழுத்தில் பாருங்கள். ஒன்று, உங்கள் கைப்பொறுப்புத் தொகை எவ்வளவு. இரண்டு, மற்றவருக்கு நேரும் காயத்தையும் சேதத்தையும் அது ஏற்கிறதா. மூன்று, இழுவை வளையம், நீர்ச்சறுக்கு, இரவு ஓட்டம் ஆகியவை விலக்கப்பட்டுள்ளனவா.

தனியாளுக்கும் நிறுவனத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வருகிறது. நோர்வே அரசு நியமித்த பகிர்வுப் பொருளாதாரக் குழு 2017இல் அறிக்கை கொடுத்தபோது எழுந்த முக்கிய கேள்விகளில் ஒன்று நுகர்வோர் பாதுகாப்பு. இந்நாட்டு நுகர்வோர் சட்டங்கள் பெரும்பாலும் வியாபாரி ஒருபக்கமும் நுகர்வோர் மறுபக்கமும் நிற்கும் உறவுக்காக எழுதப்பட்டவை. இணையத்தில் வாங்கியதை மனம்மாறித் திருப்பும் உரிமை போன்றவை, இரு தனியாட்கள் தமக்குள் செய்யும் ஒப்பந்தத்துக்குப் பொருந்துவதில்லை. ஆகவே தனியாளிடம் எடுக்கும்போது உங்களைக் காப்பது ஒப்பந்தமும் தளத்தின் விதிகளும்தான். காற்று அடித்தால் இரத்துச் செய்து பணத்தை மீளப் பெறலாமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே வாசித்துக்கொள்ளுங்கள்.

படகைப் பொறுப்பெடுக்கும்போது

துறையில் உரிமையாளரைச் சந்திக்கும் அந்தப் பதினைந்து நிமிடமே முழு வாடகையிலும் முக்கியமானது. கூச்சப்படாமல் இவற்றைச் செய்யுங்கள்:

- படகின் முன், பின், இருபக்கம், சுழலி, இருக்கைகள் எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுங்கள். ஏற்கெனவே உள்ள கீறல்களை உரிமையாளருக்குக் காட்டி, தளத்தின் செய்திப்பெட்டியிலேயே எழுதிவையுங்கள்.
- எரிபொருள் அளவைப் படமெடுங்கள். என்ன எரிபொருள், எங்கே நிரப்புவது என்று கேளுங்கள்.
- எத்தனை பேர் ஏறலாம் என்று படகில் உள்ள தகட்டில் இருக்கும். பிள்ளைகளும் ஆட்களே. ஒன்பது பேர் வந்துவிட்டோம் என்பதற்காக ஆறு பேருக்குரிய படகில் ஏறாதீர்கள்.
- உயிர்காப்பு அங்கிகளை எண்ணுங்கள். அளவைப் பாருங்கள். பெரியவரின் அங்கி பிள்ளையின் தலைக்கு மேலால் கழன்றுவிடும்.
- இயந்திரத்தை நிறுத்தும் கயிறு எங்கே என்று கேட்டு, ஓட்டுபவர் உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள். ஓட்டுநர் விழுந்தால் இயந்திரம் நிற்கும்.
- நங்கூரம், துடுப்பு, தீயணைப்பான், நீர் இறைக்கும் பம்பி ஆகியவற்றைக் கண்ணால் காணுங்கள்.
- விழுந்தவர் தண்ணீரிலிருந்து மேலே ஏற ஏணி இருக்கிறதா, அது தண்ணீரில் நிற்பவரின் கைக்கு எட்டுமா என்று பாருங்கள்.

உரிமையாளர் அவசரப்படுத்தினால், அல்லது அங்கிகள் குறைவாக இருந்தால், புறப்படாமல் திரும்பி வாருங்கள். போன பணத்தைப் பிறகு பார்க்கலாம்.

தண்ணீரில்

8 மீற்றருக்குக் குறைந்த படகு ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியே இருக்கும் எல்லோரும் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்க வேண்டும் என்பது 2015 மே 1 முதல் சட்டம். எல்லோரும் அணிந்திருப்பதைப் பார்த்துக்கொள்வது ஓட்டுநரின் கடமை. சேலையும் வேட்டியும் கட்டி வந்தாலும் இது பொருந்தும். ஒவ்வொரு வருடமும் நோர்வேயில் பொழுதுபோக்குப் படகுகளிலிருந்து இறப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். படகு மூழ்கியதால் அல்ல, படகிலிருந்து தவறி விழுந்ததால் இறந்தவர்கள் அவர்களில் பலர். குளிர்நீர் மூச்சை வாங்கும், கைகால்களை விறைக்கச் செய்யும். நல்ல நீச்சற்காரரும் சில நிமிடங்களில் இயலாமல் போவார். மே மாத வெயிலைப் பார்த்துத் தண்ணீரும் சூடாகியிருக்கும் என்று நம்பக்கூடாது.

குளிப்பவர்களுக்கு 50 மீற்றருக்குக் கிட்டப் போகும்போது வேகம் 5 நொட்டுக்கு மேல் போகக்கூடாது. கரையோரத்தில் உள்ளூர் வேகக் கட்டுப்பாடுகளும் உண்டு. மது அருந்தியவர் சுக்கானைத் தொடக்கூடாது. புறப்படுமுன் யர் வானிலைச் செயலியில் காற்றின் வேகத்தைப் பாருங்கள். கரையில் இளங்காற்றாக இருப்பது ஃபியோர்டின் நடுவில் அலையாக எழும்.

ஆபத்தென்றால் கடல் அவசர இலக்கம் 120. வானொலி இருந்தால் 16ஆம் அலைவரிசை. 1891இல் தொடங்கப்பட்ட கடல் மீட்புக் கழகத்தின் படகுகள் ஃபியோர்டில் நிற்கின்றன. உயிராபத்தின்போது யோசிக்காமல் அழையுங்கள். மொழி தடுமாறினாலும் நிற்கும் இடத்தைச் சொன்னால் போதும்.

மீன்பிடி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தூண்டிலால் கடலில் மீன்பிடிக்க இங்கே அனுமதிச்சீட்டோ கட்டணமோ தேவையில்லை. ஆனால் ஒஸ்லோ ஃபியோர்டில் தொர்ஸ்க் மீன் பிடிப்பது 2019 யூன் 15 முதல் தடை. தவறிப் பட்டு உயிரோடு இருந்தால் திருப்பி விட வேண்டும். சிங்கிறால் பிடிக்க முன்கூட்டியே பதிவு வேண்டும், பருவம் ஒக்டோபர் 1இல்தான் தொடங்கும். வேறு மீன்களுக்கு அளவுக் கட்டுப்பாடுகள் உண்டு. மீன்வளத் திணைக்களத்தின் தகவல்களைப் பார்த்துவிட்டுத் தூண்டிலைப் போடுங்கள். ஒரு கறிக்காகத் தண்டம் கட்ட வேண்டாம்.

உங்களிடம் படகு இருந்தால்

நம்மவரில் படகு வைத்திருப்போரும் இப்போது உண்டு. வாடகைக்கு விட எண்ணினால் மூன்றைக் கவனியுங்கள். முதலில் உங்கள் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். அடுத்து, படகை மட்டும் கொடுப்பதும் நீங்களே ஓட்டிக் காசு வாங்குவதும் ஒன்றல்ல. பணத்துக்கு ஆட்களை ஏற்றினால் அது பயணிகள் போக்குவரத்து. அதற்குத் தொழில்முறைச் சான்றிதழும் கப்பற்போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகளும் பொருந்தும். மூன்றாவது வரி. வாடகை வருமானம் மறைக்கக்கூடிய ஒன்றல்ல. 2023 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தளங்கள் தம் ஊடாக உழைப்பவர்களின் விபரங்களை வரி அலுவலகங்களுக்குக் கொடுத்து வருகின்றன. அந்தந்த வருடத்துக்குரிய வரிவிலக்கு எல்லையை வரித் திணைக்களத்தின் பக்கத்தில் பார்த்து, வாங்கிய ஒவ்வொரு குறோணரையும் எழுதிவையுங்கள்.

வாங்குவதா, எடுப்பதா, சேர்வதா?

ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம். படகின் விலை 160,000 குறோணர். துறைக்கூலி, காப்புறுதி, குளிர்கால வைப்பு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து வருடம் 24,000, மதிப்பிறக்கம் 10,000 என்று வைப்போம். மொத்தம் 34,000. ஒருநாள் வாடகை 2,500 என்றால், வருடத்தில் 13 நாட்கள் வரை வாடகையே மலிவு. நாலு குடும்பம் சேர்ந்து வாங்கினால் ஒரு குடும்பத்துக்கு வருடம் 8,500. நாலு நாள் போனாலே அது வாடகையைவிட மலிவு. உங்கள் உண்மைத் தொகைகளைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

ஆனால் சேர்ந்து வாங்குவதில் பணத்தைவிட உறவுதான் முதலில் உடையும். 1965ஆம் ஆண்டின் கூட்டுடைமைச் சட்டத்தின்படி, பங்காளிகள் வேறாக எழுதிவைக்காவிட்டால், எந்தவொரு பங்காளியும் கூட்டைக் கலைக்கும்படி கேட்கலாம். ஒரு மனக்கசப்பு வந்தால் படகு விற்பனைக்குப் போகும். எனவே யார் எந்த வாரம் எடுப்பது, உடைந்தால் யார் கட்டுவது, ஒருவர் விலகினால் அவருடைய பங்கு என்ன விலை என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். "நாங்கள் சொந்தக்காரர்தானே, எழுத்து எதற்கு" என்பது சண்டைக்குப் போடும் முதற்புள்ளி.

பங்கு நமக்குப் புதிதல்ல

படகைப் பகிர்வது செயலி வந்த பிறகு தோன்றியதல்ல. நம் கரையோர ஊர்களில் பிடிபட்ட மீனை விற்றுச் செலவைக் கழித்த பின்னர், படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, உழைத்த ஆட்களுக்குப் பங்கு என்று பிரித்தார்கள். பங்கின் அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டாலும் படகில்லாதவனும் கடலுக்குப் போக அது வழிசெய்தது. சம்மாட்டிக்குக் கூடுதல் பங்கு போன இடங்களில் மனத்தாங்கலும் இருந்தது. இன்று அந்தச் சம்மாட்டியின் இடத்தில் இணையத்தளம் நின்று தரகு எடுக்கிறது. ஆனால் கடலில் நேரும் நட்டத்தில் அது பங்கெடுப்பதில்லை. அதனால்தான் ஒப்பந்தத்தை வாசிக்கச் சொல்கிறோம்.

நோர்வேயோடு நம் உறவும் படகில் தொடங்கியது என்றே சொல்லலாம். 1956இல் இங்கே வந்து, நோர்வேயின் முதல் தமிழர் எனக் கருதப்படும் அன்ரனி இராஜேந்திரம், இங்குள்ள நண்பர்களின் துணையோடு யாழ்ப்பாண மீனவர்களுக்காகச் சீநோர் நிறுவனத்தைத் தொடங்கினார். குருநகரில் வலை, காரைநகரில் படகு என்று அது உழைத்தது. பின்னர் எண்பதுகளில் அகதிகளாக வந்த நம்மவர் பலர் வடக்கே ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் நின்றுதான் இந்நாட்டில் காலூன்றினார்கள். கடல் தந்த மீனை வெட்டிய அந்தக் கைகள் கடலில் பொழுதுபோக்கியது குறைவு.

அவர்களின் பிள்ளைகள் இன்று "ஒருநாள் போவம், வாங்கோ" என்று கூப்பிடுகிறார்கள். அம்மாவின் அச்சம் அறியாமையால் வந்ததல்ல, அனுபவத்தால் வந்தது. ஆகவே "பயப்படாதேங்கோ" என்று சொல்வதோடு நிறுத்தாமல், அவருக்கு அளவான அங்கியைக் காட்டுங்கள், 120ஐ அவருடைய கைப்பேசியில் பதிந்து கொடுங்கள், சுக்கான் பிடிப்பவரின் சான்றிதழைக் காட்டுங்கள், மழைக்காற்று வந்தால் திரும்புவோம் என்று வாக்குக் கொடுங்கள். முதல்முறை பொதுப்படகில் ஹூவெத்ஓயா வரை. அடுத்தமுறை அரைநாள் வாடகைப் படகு, கரையோரமாக. வெளிச்சம் இருக்கும்போதே புறப்பட்டு வெளிச்சம் இருக்கும்போதே திரும்புங்கள். இருட்டில் படகேறியவர்களுக்கு அதுவே பெரிய ஆறுதல்.